மூன்றாம் மாடிக்கு ஒரு செய்தி

சின்னிக்கு டெலிபோன் வேலை. வீடு வீடாகப் போய் லைன் கொடுக்கிற வேலை இல்லை. பெரிய அலுவலகங்களில் மாடிப்படிக்குக் கீழே, ஜன்னல் இல்லாத ஒரு குளிர் அறையில் எக்ஸ்சேஞ்ச் பெட்டிகளைப் பூட்டி வைத்திருப்பார்கள். அவற்றைத் திறந்து சரி செய்வதுதான் அவள் பிழைப்பு. சின்னி என்பது அக்கா வைத்த பெயர். அலுவலகங்களில் அவளை டெலிபோனம்மா என்பார்கள்.

முப்பத்தாறு வயது. இரண்டு வருடத்துக்கு முன்னால் கல்யாணம் முறிந்து, ஒரு பெட்டியும் கருவிப் பையுமாக அக்கா வீட்டுக்கு வந்தாள். பத்து நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்றுதான் சொன்னாள். அந்தப் பத்து நாள் முடியவே இல்லை. அக்காவின் கணவரை அவள் அத்தான் என்று கூப்பிடுவாள். அவர் அவள் வந்த அன்றைக்கே கூடத்து அலமாரியில் தன் சட்டைகள் இருந்த இரண்டு தட்டைக் காலி செய்து கொடுத்தார். அதற்குப் பிறகு எப்போது கிளம்புகிறாய் என்றோ, என்னதான் நடந்தது என்றோ ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அந்த இரண்டு வருடமாகச் சின்னிக்கு எதுவும் உறைப்பதில்லை. அழுகை இல்லை, கோபமும் இல்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு உதட்டைத் தொட்டால் யாருடைய உதடோ போல இருக்குமே, அப்படித்தான் அவளுக்கு நாட்கள் இருந்தன. வேலை மட்டும் ஒழுங்காக நடந்தது. அவளைக் கேட்டால் அது ஒரு சௌகரியம் என்றுகூடச் சொல்லியிருப்பாள்.

அத்தான் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இழப்பீட்டுப் பிரிவில் இருந்தார். விபத்து, தீ, தண்ணீர் புகுந்தது என்று வருகிற மனுக்களைப் படித்து, எது நிஜம், எது கதை என்று பிரிப்பது அவர் வேலை. அந்தப் பிரிவு மூன்றாம் மாடியில் இருந்தது. அறுபத்தொரு பேர். அதே கட்டடத்து டெலிபோன் வேலை ஒரு திங்கட்கிழமை சின்னியின் கைக்கு வந்தது. அத்தானுக்கு ஏக சந்தோஷம். வீட்டுப் பெண்ணே வந்து எங்கள் போனைச் சரி செய்யப்போகிறாள் என்று மாடி முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

வேலை இதுதான். அங்கே மூன்று வருடமாகவே வாய்ஸ் மெயில் உண்டு. ஆள் இல்லாத நேரத்தில் யாராவது கூப்பிட்டால், பேசுவதைக் கம்ப்யூட்டர் பதிந்து வைத்துக்கொள்ளும். ஆனால் செய்தி வந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு போனின் மேல் மூலையிலும் சுண்டு விரல் நகம் அளவுக்கு ஒரு சிவப்பு விளக்கு இருந்தது. செய்தி காத்திருந்தால் அது எரிய வேண்டும். கேட்டு முடித்ததும் அணைய வேண்டும். மூன்று வருடத்தில் அது எரிந்து பார்த்தவர் ஒருவரும் இல்லை. செய்தியைப் பதிகிற கம்ப்யூட்டரும் விளக்கைப் போடுகிற எக்ஸ்சேஞ்சும் ஒரே அறையில் அருகருகே இருந்தன, பேச்சுவார்த்தை நின்றுபோன இரண்டு பங்காளிகளைப் போல. எந்த எண்ணுக்கு விளக்கைப் போடு, எந்த எண்ணுக்கு அணை என்று முன்னது பின்னதுக்குச் சொல்ல இரண்டு குறியீடுகள் வேண்டும். முதலில் வந்து மாட்டியவர்கள் அவற்றைப் போடாமலே போயிருந்தார்கள்.

திங்களும் செவ்வாயும் அந்தக் குறியீடுகளைப் போட்டுச் சோதித்தாள். புதன்கிழமை காலை மூன்றாம் மாடியைச் சேர்த்துவிட்டதும் ஒரு கூத்து நடந்தது. அத்தனை பழைய செய்திகளுக்கும் சேர்த்து விளக்குகள் எரிந்துவிட்டன. மாடி முழுக்க ஆளாளுக்கு ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தார்கள். ஒருவருக்குக் கல்யாண அழைப்பு வந்திருந்தது. கூப்பிட்ட தம்பதிக்கு இப்போது இரண்டு வயதில் பிள்ளை. இன்னொருவருக்கு அவர் மனைவி, வரும்போது குடையை மறக்காதீர்கள் என்று இரண்டு மழைக்காலத்துக்கு முன்னால் சொல்லி வைத்திருந்தாள். அத்தானுக்கு ஒரு லாரி முதலாளி விட்ட பதினான்கு செய்திகள், ஒன்றைவிட ஒன்று காரமாக. அத்தான் சின்னியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்தி, எல்லாவற்றையும் கேட்டு, அடக்க முடியாமல் சிரித்தார். "இந்தாளு அப்பவே என்னைத் திட்டித் தீர்த்துட்டாரு. நான்தான் மரியாதை இல்லாம இத்தனை நாளா கேக்காம இருந்துட்டேன்" என்றார். சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள். சின்னியும் எல்லோரும் சிரித்ததால் உதட்டை விரித்தாள்.

வியாழக்கிழமை மதியம் நிர்வாக அதிகாரி எக்ஸ்சேஞ்ச் அறைக்கு வந்தார். எதற்கெடுத்தாலும் சுற்றறிக்கை அனுப்புவதால் அந்தக் கட்டடத்தில் அவர் பெயரே சுற்றறிக்கை. மெலிந்த மனிதர், சட்டைப் பையில் எப்போதும் மூன்று பேனா. கதவைச் சாத்திவிட்டு ஒரு காகிதத்தை நீட்டினார். நடக்கிற எதையும் வெளியே சொல்ல மாட்டேன் என்று அவள் கையெழுத்துப் போட வேண்டும். அவளுடைய முதலாளியிடம் ஏற்கெனவே பேசிவிட்டாராம். அவள் போட்டாள். அப்புறம் இரண்டாவது காகிதம் வந்தது. அதில் எண்கள். இந்த அறுபத்தொரு எண்ணுக்கும் ஒரே செய்தி, ஒரே நேரத்தில் போக வேண்டும், முடியுமா என்று கேட்டார். ஒரு பட்டியலாகச் சேர்த்துவிட்டால் முடியும் என்றாள். யார் யார் கேட்டார்கள், எத்தனை மணிக்குக் கேட்டார்கள் என்று தாளில் எடுக்க முடியுமா என்று கேட்டார். அதுவும் முடியும் என்றாள்.

எண்களை ஒவ்வொன்றாக அடித்தாள். 301, 302, 303. முந்நூற்று நாற்பத்தேழு வந்தபோது விரல் நிற்கவில்லை. அது அத்தானின் எண். அக்கா வீட்டிலிருந்து கூப்பிடும்போது வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அழுத்துகிற எண். சின்னி அதை அடித்தாள். பிறகு 348 அடித்தாள்.

சுற்றறிக்கை அங்கேயே நின்று செய்தியைப் பதிந்தார். முதல் முறை குரல் கம்மியது. இரண்டாம் முறை பக்கம் மாறிப்போனது. நான்காவது முறைதான் சரியாக வந்தது. அதற்குள் அவர் நெற்றி வியர்த்துவிட்டது, அந்தக் குளிரிலும். ஒலி தெளிவாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி ரிசீவரை அவளிடம் கொடுத்தார். அவள் முழுவதும் கேட்டாள். இழப்பீட்டுப் பிரிவு இம்மாத இறுதியுடன் மூடப்படுகிறது. அந்த வேலைகள் வெளி நிறுவனம் ஒன்றுக்கு ஒப்படைக்கப்படுகின்றன. தங்கள் சேவைக்கு நிர்வாகம் நன்றி தெரிவிக்கிறது. அடையாள அட்டையை ஒப்படைத்துவிட்டுத் தரைத்தளக் கூடத்தில் கடிதத்தைப் பெற்றுக்கொள்ளவும். இந்தச் செய்தியைக் கேட்டதே அறிவிப்புப் பெற்றதற்கு அத்தாட்சியாகக் கொள்ளப்படும்.

ஒலி கொஞ்சம் தாழ்வாக இருக்கிறது என்றாள் சின்னி. இரண்டு புள்ளி ஏற்றிவிட்டாள். மறுநாள் மாலை மூன்றரைக்குப் போகும்படி நேரம் வைத்தாள். மூன்று வருடமாகக் கேட்டும் கிடைக்காத விளக்குகளுக்கு இந்த வாரம் எப்படி அனுமதி கிடைத்தது என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. புரிந்தது, அவ்வளவுதான்.

போகும்போது சுற்றறிக்கை கதவருகே நின்றார். "எல்லாருக்கும் ஒரே நேரத்துல தெரியணும்மா. ஒருத்தருக்கு முன்னாடி, ஒருத்தருக்குப் பின்னாடின்னு இருக்கக் கூடாது. அதுதான நியாயம்?" என்றார். சட்டைப் பையில் பேனாக்களைச் சரிசெய்துகொண்டு போனார். மணி நாலு.

அன்று வீட்டில் சாப்பாட்டு மேஜையில் வேறு ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அத்தானோடு முன்பு வேலை பார்த்த ஒருவர், எல்லோரும் நெட்டையர் என்பார்கள், இப்போது ஒரு சரக்குப் போக்குவரத்துக் கம்பெனியில் பெரிய இடத்தில் இருந்தார். தன்னோடு வந்துவிடும்படி ஒரு மாதமாக அத்தானைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை காலைக்குள் சரி, இல்லை என்று சொல்லிவிட வேண்டும். அதற்கு மேல் அவராலும் இடத்தைப் பிடித்து வைக்க முடியாது. அக்காவுக்குப் போகலாம் என்று ஆசை. அத்தானுக்கு மனமில்லை. பதினேழு வருடம் இருந்த இடம். நாற்காலியின் எந்தக் கால் ஆடும் என்பதுகூடத் தெரியும்.

அங்கே ஆள் குறைக்கப்போவதாக ஒரு பேச்சு அடிபடுகிறதே என்று அக்கா கேட்டாள். அத்தான் சிரித்தார். மூடுகிற கடைக்கு யாராவது வெள்ளையடிப்பார்களா என்று கேட்டார். எங்கள் மாடிக்கு மட்டும் ஆள் போட்டு விளக்கை எரிய வைக்க இத்தனை செலவு செய்கிறவர்கள் எங்களை எங்கே அனுப்பப்போகிறார்கள் என்றார். பிறகு சின்னியின் பக்கம் திரும்பினார்.

"நீதான் நாலு நாளா உள்ள இருந்து பாக்குறே. உனக்கு என்ன தோணுது?"

சின்னி தட்டைப் பார்த்தாள். சொல்ல வேண்டிய வாக்கியம் மனதில் முழுசாக இருந்தது. எழுத்துப்பிழைகூட இல்லாமல் இருந்தது. அது வாய்க்கு வரவில்லை. வர வேண்டும் என்ற தவிப்பும் வரவில்லை.

"எனக்கு ஒயர்தான் அத்தான் தெரியும்" என்றாள்.

அவர் அதற்கும் சிரித்தார். அக்காவின் பெண், பள்ளியில் நான்காம் வகுப்பு படிக்கிறவள், சித்திக்கு ஒயர் மட்டும்தான் தெரியும் என்று இரண்டு மூன்று முறை பாட்டாகச் சொல்லிப் பார்த்தாள். அக்கா அவளை அதட்டிச் சாப்பிட வைத்தாள். அதற்கப்புறம் பேச்சு குழந்தையின் செருப்பு கடிப்பதைப் பற்றிப் போனது. சின்னி பாத்திரம் கழுவிவிட்டுப் படுத்தாள். நன்றாகத் தூங்கினாள்.

கையெழுத்துப் போட்ட காகிதம்தான் தன்னைத் தடுத்தது என்று அவள் பிற்பாடு யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்கள். ஆனால் காரணம் அது இல்லை. என்ன காரணம் என்று அவளுக்கே தெரியாது.

வெள்ளிக்கிழமை காலை ஷூவுக்குக் கயிறு கட்டியபடியே, கழுத்துக்கும் தோளுக்கும் இடையில் போனை இடுக்கிக்கொண்டு, அத்தான் நெட்டையரிடம் முடியாது என்று சொன்னார். மன்னிக்கணும், உங்க பெரிய மனசு, ஆனா இங்கயே இருந்துடறேன் என்றார். சின்னி கருவிப் பையோடு வாசலில் நின்றிருந்தாள். இருவரும் ஒரே பஸ்ஸில் போனார்கள். நாற்பது நிமிடம். அத்தானுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. முடிவெடுத்துவிட்ட நிம்மதியில் அவர் நிறையப் பேசினார். மாடியில் புதிதாக இன்னும் இரண்டு பேரைப் போட்டால் தனக்குப் பிரிவுத் தலைவர் பதவி கிடைக்கலாம் என்றார். சின்னி ம் கொட்டினாள். எத்தனை நிறுத்தம் என்று எண்ணினாள். பதினொன்று.

மூன்றரைக்கு அவள் எக்ஸ்சேஞ்ச் அறையில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுற்றறிக்கை பின்னால் நின்றார். அறுபத்தொரு எண்ணும் ஒரே தாவலில் எரிகிற நிலைக்கு மாறின. எந்தக் கோளாறும் இல்லை. நாலு நாள் வேலை கச்சிதமாக இருந்தது. சில நொடியில் ஒவ்வொரு எண்ணாக அணையத் தொடங்கியது. 312. 306. 340. மேலே யாரோ நாற்காலியைத் தள்ளுகிற சத்தம்கூட அந்த அறைக்குக் கேட்காது. எண்கள் மட்டும் அணைந்தன. நாலு மணிக்குள் ஐம்பத்தெட்டு. நாலேகாலுக்கு அறுபது.

முந்நூற்று நாற்பத்தேழு மட்டும் எரிந்துகொண்டே இருந்தது.

அவர் விடுப்பில் இல்லை, காலையில் பார்த்தேன் என்றார் சுற்றறிக்கை. விளக்கில் பழுது இருக்குமோ, ஒருமுறை மேலே போய்ப் பாருங்கள் என்றார். ஐந்து மணிக்குள் தாளில் அறுபத்தொன்றும் இருக்க வேண்டும். அது சின்னியின் அத்தான் என்று அவருக்குத் தெரியாது. சின்னியும் சொல்லவில்லை. பையை எடுத்துக்கொண்டு படியேறினாள்.

மூன்றாம் மாடியில் பாதிப்பேர் கூடத்துக்கு இறங்கிவிட்டிருந்தார்கள். மீதிப்பேர் மேஜை இழுப்பறைகளைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். யாரும் சத்தம் போடவில்லை. ஒரு பெண் தன் மேஜையில் இருந்த செடித்தொட்டியைக் காகிதத்தில் சுற்றப் பார்த்தாள். காகிதம் போதவில்லை, மறுபடி பிரித்துச் சுற்றினாள். அத்தான் தன் இடத்தில் உட்கார்ந்திருந்தார். கை இரண்டும் மேஜைமேல். போனின் மூலையில் விளக்கு எரிந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் சொல்லி அவருக்கு விஷயம் எப்போதோ தெரிந்திருந்தது. ரிசீவரை மட்டும் எடுக்கவில்லை.

"லைட்டு ரிப்பேரான்னு பாக்க அனுப்பினாங்களா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றாள்.

"நல்லா எரியுது. ஒரு குறையும் சொல்ல முடியாது." போனைப் பார்த்தபடியே பேசினார். "இதுல என்ன இருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"நேத்து நாலு மணிலேர்ந்து."

அவர் மனதில் கணக்குப் போடுவது தெரிந்தது. நேற்று நாலு மணி, அப்புறம் சாப்பாடு, அப்புறம் காலை, வாசல், பஸ். ஒரு மனுவைப் படித்து முடித்ததும் தலையை ஆட்டுவாரே, அப்படி ஆட்டினார். பிறகு ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தார். முழுவதும் கேட்டார். நடுவில் வைத்துவிடலாம், அவர் வைக்கவில்லை. சின்னி நின்றுகொண்டே இருந்தாள். எந்த இடத்தில் எந்த வாக்கியம் வரும் என்று அவளுக்குத் தெரியும். அத்தாட்சியாகக் கொள்ளப்படும் என்ற இடம் வந்ததும் அவர் ரிசீவரை வைத்தார். விளக்கு அணைந்தது.

"போய்ச் சொல்லு, ரிப்பேர் ஒண்ணும் இல்லன்னு" என்றார்.

அவள் இறங்கிப் போய்ச் சொன்னாள். அறுபத்தொரு பெயரும் நேரமும் போட்ட தாளை எடுத்துக் கொடுத்தாள். கடைசி வரியில் 347, நாலு முப்பத்தெட்டு. வேலை முடிந்தது என்று சுற்றறிக்கை அவளுடைய படிவத்தில் கையெழுத்துப் போட்டார். அதற்குள் மூன்று பேனாவில் ஒன்று எழுதவில்லை என்று மாற்ற வேண்டியிருந்தது.

அத்தான் வீட்டில் எல்லாவற்றையும் சொல்லவில்லை. வேலை போனதைச் சொன்னார். சின்னிக்கு முன்னமே தெரியும் என்பதை மட்டும் சொல்லவில்லை. அக்கா இரண்டு நாள் அழுதாள். நெட்டையரைக் கூப்பிடச் சொன்னாள். அத்தான் திங்கட்கிழமை கூப்பிட்டார். சனிக்கிழமையே வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்களாம். நெட்டையர் உண்மையாகவே வருத்தப்பட்டார். அந்தப் போன் முடிந்ததும் அக்கா, ஒரு நாள் முன்னாடி தெரிஞ்சிருந்தா என்று ஆரம்பித்து, முடிக்காமல் உள்ளே போனாள். அத்தான் சின்னியைப் பார்க்கவில்லை. அவள் இருக்கிற பக்கம் திரும்பாமலே செய்தித்தாளை விரித்தார்.

அவர் திட்டியிருந்தால் அவள் வாங்கிக்கொண்டு போயிருப்பாள். அவர் வழக்கம்போல, சாப்பிட்டியா, பஸ் கிடைச்சுதா என்று கேட்டுக்கொண்டிருந்தார். பகலில் வீட்டில் இருந்ததால் குழந்தையைப் பள்ளியில் விட்டு அழைத்து வந்தார். மூன்று வாரம் இப்படிப் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், துவைத்த துணிகளை அக்காவோடு உட்கார்ந்து மடித்துக்கொண்டிருந்தபோது, சின்னி தானாகவே சொன்னாள். வியாழக்கிழமை நாலு மணிக்கே தெரியும், அந்தச் செய்தியைச் சரிபார்த்ததே நான்தான் என்றாள்.

அக்காவின் கை நிற்கவில்லை. ஒரு துண்டை நாலாக மடித்தாள். குழந்தையின் சட்டையை எடுத்தாள்.

"அன்னிக்கு நாம எல்லாம் சேந்து சாப்பிட்டோமே. அப்பவும் தெரியுமா?"

"தெரியும்."

"அவருக்கு?"

"மறுநாளே தெரிஞ்சிடுச்சு. உங்கிட்ட சொல்லலன்னா, எனக்காகத்தான்."

அக்கா குழந்தையின் சட்டைப் பித்தானை ஒவ்வொன்றாகப் போட்டாள். மடிக்கிற சட்டைக்கு அத்தனை பித்தானும் போட வேண்டியதில்லை. கடைசிப் பித்தான் வரை போட்டுவிட்டு, "ஏன்டி?" என்றாள். மெதுவாகத்தான் கேட்டாள். சின்னி யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். தெரியலக்கா என்றாள். அக்கா எழுந்து, மடித்த துணிகளை அலமாரிக்குக் கொண்டுபோனாள். அன்றிலிருந்து எட்டு நாள் அக்கா அவளோடு பேசவில்லை. ஒன்பதாம் நாள் எண்ணெய் தீர்ந்துவிட்டது, வரும்போது வாங்கி வா என்றாள். அப்படியே மறுபடி பேச்சு வந்தது. ஆனால் அடுப்படியில் இருவரும் சேர்ந்து நிற்கும்போது முன்பெல்லாம் தோள் உரசும். இப்போது நடுவில் ஓர் ஆள் நிற்கிற இடம் இருந்தது.

அத்தானுக்கு ஐந்தாம் மாதம் ஒரு வேலை கிடைத்தது. வண்டி உதிரிபாகங்கள் வைக்கிற கிடங்கில் வருவது போவதைச் சரிபார்க்கிற வேலை. இரண்டு பஸ் மாற வேண்டும். பதினேழு வருடம் உட்கார்ந்து பார்த்தவர் இப்போது நின்றுகொண்டே பார்க்க வேண்டும். முதல் வாரம் கால் வீங்கி, வெந்நீரில் வைத்துக்கொண்டார். அங்கேயும் ஆட்கள் நல்லவர்கள்தான் என்றார்.

அவர் வேலையில் சேர்ந்த மாதமே சின்னி நாலாவது தெருவில் ஒரு அறை பார்த்தாள். யாரும் போகச் சொல்லவில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை. அக்கா இரண்டு பாத்திரமும் ஒரு போர்வையும் எடுத்து வைத்தாள். அத்தான் விடுமுறை நாளில் வந்து கட்டிலைத் தூக்க உதவினார். நாலு மாடி, லிஃப்ட் இல்லை. அவர் மேலே, அவள் கீழே. ஒவ்வொரு திருப்பத்திலும் இறக்கி வைத்து மூச்சு வாங்கினார்கள். மூன்றாவது திருப்பத்தில் அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "கனம் உன் பக்கம் ஜாஸ்தி. மாத்திக்கலாமா?" என்றார். வேண்டாம் அத்தான், நான் பிடிச்சுக்கறேன் என்றாள். சரி என்று குனிந்தார்.

கட்டிலைப் போட்டதும் அவர் சுவரைத் தட்டிப் பார்த்தார், ஜன்னல் கொக்கி சரியாக விழுகிறதா என்று பார்த்தார், குழாயைத் திறந்து மூடினார். ஞாயித்துக்கிழமை சாப்பிட வந்துடு, அக்கா சொல்லச் சொன்னா என்றார். அக்கா அப்படிச் சொல்லியிருப்பாளா என்று சின்னிக்குத் தெரியவில்லை. வரேன் என்றாள். அவர் இறங்கினார். வீங்கிய காலை முதலில் வைத்து, அடுத்த காலைச் சேர்த்து, ஒவ்வொரு படியாக. சின்னி கதவைச் சாத்தாமல், நாலு மாடியும் அவர் இறங்கி முடிக்கிற வரைக்கும் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.